வெள்ளத்தில் நின்ற ஒற்றைக் குத்து

ஆப்பிரிக்கக் குழந்தைகளின் உடலில் எச்.ஐ.வி. எப்படி வளர்கிறது என்று மரபணுவில் தேடும் ஆராய்ச்சியைப் பற்றிச் சென்ற முறை நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி குத்தாலத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நியாயமாக இருக்கட்டும் என்று இந்த முறை ஊரும் வேலையும் மட்டும் போடுகிறேன்.

எங்கோ ஆப்பிரிக்காவில் பிள்ளைகளின் ரத்தத்தை ஆராய்கிறார்கள். குத்தாலத்து விவசாயிக்கு அதில் என்ன இருக்கிறது?
— விவசாயி, குத்தாலம்

இரண்டு இருக்கிறது. முதலாவது, எச்.ஐ.வி.யில் பல வகைகள் உண்டு. தென் ஆப்பிரிக்கப் பகுதியில் பரவியிருப்பதும் இந்தியாவில் பரவியிருப்பதும் பெரும்பாலும் ஒரே வகை, ‘சி’ வகை. அங்கே கண்டுபிடிப்பது நமக்கும் பேசும்.

இரண்டாவது, இந்த மாதிரி ஆராய்ச்சியின் பலன் ஏற்கெனவே உங்கள் வயலில் நிற்கிறது. சி.ஆர்.1009 சப்-1 நெல்லைத்தான் சொல்கிறேன். ஒரு கார்த்திகை மாதம் குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு வயலில் தண்ணீர் வடிந்த மறுநாள் வரப்பில் நின்றேன். நட்ட பயிர் பத்து நாளுக்கு மேல் முங்கிக் கிடந்து அழுகி, கையில் எடுத்தால் கூழாக நழுவியது. பக்கத்து வயலில் சப்-1. இலையெல்லாம் பழுத்துத்தான் கிடந்தது. ஆனால் குத்தை விரித்துப் பார்த்தால் நடுவில் ஈர்க்குச்சி அளவுக்கு ஒரு பச்சை. இரண்டு வயலும் முங்கியது ஒரே தண்ணீரில்தான். அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? ஒடிசா விவசாயிகள் காலங்காலமாக வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து வந்தது. அது வெள்ளத்தில் சாகாததைக் கவனித்தவர்கள், ஏன் சாகவில்லை என்று தேடிப் போய் 2006-ல் அதற்கான மரபணுவை அடையாளம் காட்டினார்கள். இன்று அந்தக் குணம் நம் சம்பாவில் இருக்கிறது.

நின்ற பயிரைப் படித்தால் சாய்கிற பயிரைக் காப்பாற்றலாம். ஆப்பிரிக்காவில் நடப்பதும் அதுதான்.

ஒரே கிருமிதான். ஒரு குழந்தை இரண்டு வயதைத் தாண்டவில்லை, இன்னொரு குழந்தை பத்து வயதில் பள்ளிக்கூடம் போகிறது. அப்படியும் நடக்குமா?
— ஆசிரியை, குத்தாலம்

நடந்திருக்கிறது. தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைக்கு மருந்தே கிடைக்காவிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்காது. பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துபோவார்கள். பெரியவர்களின் உடலில் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் நோய், பச்சைக் குழந்தையிடம் மாதக்கணக்கில் முடித்துவிடுகிறது.

அதே சமயம், மருந்தில்லாமலே பத்து வயது வரை ரத்தத்தில் சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்கள் குறையாமல் இருந்த குழந்தைகளும் ஒரு சிலர் உண்டு. போட்ஸ்வானா, உகாண்டா, எஸ்வாட்டினி மூன்று நாட்டுக் குழந்தை மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் ‘கேஃப்ஜென்’ என்ற பெயரில் கைகோத்தன. வேகமாக நோய் முற்றிய குழந்தைகளை ஒரு பக்கமும், நீண்ட காலம் தாக்குப்பிடித்தவர்களை மறு பக்கமும் வைத்து, இரு பக்கத்து மரபணுக்களையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். ரத்தம் மட்டும் ஆப்பிரிக்காவில், படிப்பது வேறு கண்டத்தில் என்று இருக்கக் கூடாது என்பதற்காக அந்த நாட்டு இளைஞர்களையே ஆய்வாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எச்.எல்.ஏ., எச்.எல்.ஏ. என்கிறார்களே, அது என்ன? பரீட்சைக்கு எழுதுவது மாதிரி இல்லாமல் சொல்லுங்கள்.
— பிளஸ் டூ மாணவி, மயிலாடுதுறை

சீர்வரிசைத் தாம்பாளம் என்று நினைத்துக்கொள். உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு அணுவும் தனக்குள் நடப்பதில் துண்டு துண்டாக எடுத்து, ஒரு தட்டில் வைத்து, வாசலில் நீட்டுகிறது. ரோந்து வரும் வெள்ளை அணு தட்டைப் பார்க்கும். அதில் கிருமியின் துண்டு இருந்தால், “உள்ளே ஆள் புகுந்துவிட்டான்” என்று அந்த அணுவையே அழித்துவிடும். அந்தத் தட்டுதான் எச்.எல்.ஏ.

தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். பாதி அப்பா தந்தது, பாதி அம்மா தந்தது. சில வடிவத் தட்டில் கிருமியின் உயிர்நாடியான துண்டு போய் உட்காரும். அதை மாற்றிக்கொண்டு தப்பிக்கலாம் என்றால் கிருமியே நொண்டியாகிவிடும். அப்படிப்பட்ட தட்டு உள்ளவர்களிடம் நோய் மெதுவாக நகர்கிறது.

தாயின் ரத்தம்தானே பிள்ளைக்கும்? தாயின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து வந்து பிள்ளையைக் காப்பாற்றாதா?
— இல்லத்தரசி, ஆடுதுறை

நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் இங்கே அதுவே வினையாகிறது. தாயின் உடலில் பல ஆண்டுகள் இருந்த கிருமி, தாயின் தட்டுக்குத் தப்பும் வித்தையைக் கற்றுக்கொண்டுதான் பிள்ளையிடம் வருகிறது. பிள்ளையின் தட்டில் பாதி தாயுடையது. அம்மா வீட்டுப் பூட்டைத் திறந்து பழகிய கள்ளனுக்கு, அதே பூட்டு தொங்கும் மகள் வீடு எம்மாத்திரம்? இப்படித் தப்பிய கிருமி தாயிடமிருந்து குழந்தைக்கு அப்படியே வருவதை 2001-லேயே காட்டினார்கள். குழந்தைகளிடம் நோய் வேகமாக ஓடுவதற்கு அவர்களின் பிஞ்சு உடம்பு ஒரு காரணம், இது இன்னொன்று.

அப்படியானால் தாக்குப்பிடித்த குழந்தைகள் கிருமியோடு மற்றவர்களைவிட ஆவேசமாகப் போராடியிருப்பார்கள், அப்படித்தானே?
— ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், கதிராமங்கலம்

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தலைகீழாக இருக்கிறது. தென் ஆப்பிரிக்காவின் டர்பனை மையமாகக் கொண்ட குழுவினர், மருந்து எடுக்காமல் ஐந்து வயதைத் தாண்டி நலமாக இருந்த 170 குழந்தைகளைப் படித்து 2016-ல் எழுதினார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி குறைவாக இல்லை, நிறையவே இருந்தது. குறைந்திருந்தது உடம்பின் கொந்தளிப்பு.

எச்.ஐ.வி. செய்யும் கேட்டில் ஒரு பங்குதான் கிருமி நேரடியாகச் செய்வது. கிருமியைக் கண்டு உடம்பு ஓயாமல் பதறிப் பதறித் தன் படையைத் தானே தீர்த்துக்கொள்வது மீதிப் பங்கு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நாம் சொல்வதுதான். இந்தக் குழந்தைகளின் உடம்பு வீட்டைக் கொளுத்தவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு குரங்கினம் எச்.ஐ.வி.யின் உறவுக்காரக் கிருமியை உடம்பில் சுமந்துகொண்டே நோயில்லாமல் வாழ்கிறது. அதன் சூட்சுமமும் இதே அடக்கம்தான்.

சப்-1 நெல்லையும் இப்போது நினைத்துப் பாருங்கள். சாதாரண நெல், தண்ணீருக்குள் முங்கியதும் மேலே வந்துவிடத் துடிக்கும். நெடுநெடுவென்று நீளும். இருக்கிற சத்தையெல்லாம் அதில் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் விழும். சப்-1 துடிப்பதில்லை. அடங்கி, சத்தைச் சேமித்து, தண்ணீர் வடியட்டும் என்று இருக்கிறது. வயலில் ஒரு செடி, டர்பனில் ஒரு குழந்தை. இரண்டுக்கும் ஒரே பாடம் பொருந்துவதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜீன் என்பது நாடி ஓலை மாதிரியா? விரல் ரேகை வைத்தால் ஆயுள் சொல்வதுபோல, ரத்தம் கொடுத்தால் ஆயுள் சொல்லிவிடுமா?
— கடைக்காரர், வைத்தீஸ்வரன்கோயில்

உங்கள் ஊர்க்காரர்தான் இப்படிக் கேட்க முடியும். இல்லை ஐயா, ஆயுள் சொல்லாது. ஆயிரம் பேரில் இந்த எழுத்து இருந்தவர்கள் பொதுவாக எப்படி இருந்தார்கள் என்று மட்டும் சொல்லும். உங்கள் எதிரில் நிற்கும் ஒரு குழந்தையின் முடிவு அதில் எழுதியிருக்காது. விதைச் சீட்டைப் பார்த்து விளைச்சலை எடை போட முடியுமா? மடையில் தண்ணீர் வந்ததா என்றும் பார்க்க வேண்டுமே.

எங்கள் சமூகத்துக்கு இந்த நோய் ஒட்டாது என்று ஒருவர் பேசிக்கொண்டு திரிகிறார். உண்மையா?
— டீக்கடை, மணல்மேடு

பொய். எந்தச் சாதிக்கும் அப்படிக் கவசம் கிடையாது. கிருமி அணுவுக்குள் நுழையும் ஒரு வாசலையே அடைத்துவிடும் மரபணு மாற்றம் ஒன்று 1996-ல் தெரியவந்தது. அது வட ஐரோப்பியர்களிடம்தான் ஓரளவு உண்டு. அங்கேயும் பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள் நூற்றில் ஒருவர்தான். நம்மிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் அது அபூர்வம். பேசித் திரிகிறவரை எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போங்கள். பரிசோதனை இலவசம்.

அந்த வாசலைக் கருவிலேயே அடைத்துவிட்டால் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் தொல்லை விட்டதே?
— பொறியியல் மாணவர், கும்பகோணம்

சீனாவில் ஒருவர் 2018-ல் அதைச் செய்தே விட்டார். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்த தம்பதியின் இரட்டைக் குழந்தைகளைக் கருவிலேயே திருத்தினார். உலகமே கண்டித்தது, அடுத்த ஆண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தது. அவர் தீர்க்கப் போன பிரச்சினைக்கு மாத்திரையிலேயே வழி இருக்கிறது என்பதுதான் இதில் வேதனை. மருந்தில்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றலாம். தாய்க்கும் குழந்தைக்கும் ஒழுங்காக மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடுகிறது. தந்தைக்கு மட்டும் தொற்று இருந்தால் இன்னும் எளிது. மாத்திரை செய்கிற வேலைக்குக் கத்தரிக்கோல் எதற்கு?

தமிழ்நாட்டில் இப்படி ஒன்றும் நடக்கவில்லையா? எல்லாவற்றுக்கும் வெளிநாட்டைத்தான் சொல்ல வேண்டுமா?
— தபால்காரர், பூம்புகார்

இந்தியாவின் எச்.ஐ.வி. சரித்திரம் தொடங்குவதே இங்கேதான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியாவில் முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான்.

மரபணுவும் இங்கே படிக்கப்பட்டிருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் வேறு கோணத்தில் போனார்கள். ‘யாருக்கு நோய் மெதுவாகப் போகும்’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘கொடுக்கிற மருந்து யார் உடம்பில் எவ்வளவு தங்கும்’ என்று கேட்டார்கள். கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. அதன் மரபணு ஒரு மாதிரி இருந்தால் மருந்து சட்டென்று கரைந்துபோகும், இன்னொரு மாதிரி இருந்தால் ரத்தத்திலேயே தேங்கும். எச்.ஐ.வி. உள்ள இந்தியக் குழந்தைகளுக்கு நெவிராப்பின் மருந்து போதுமான அளவு ரத்தத்தில் நிற்கிறதா என்று பார்த்தபோது, அந்த மரபணுவுக்கு அதில் பங்கிருப்பது தெரிந்தது. மருந்துச் சீட்டு எழுதுகிற கைக்கு உடனே உதவும் ஆராய்ச்சி இது.

அங்கன்வாடியில் கஞ்சியும் முட்டையும் கொடுக்கிறவள் நான். இத்தனை பெரிய ஆராய்ச்சியில் எனக்கு ஏதாவது இடம் உண்டா?
— அங்கன்வாடிப் பணியாளர், திருவாலங்காடு

அம்மா, மேலே சொன்ன ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. மருந்து ரத்தத்தில் குறைந்துபோனதற்கு அவர்கள் கண்ட காரணங்களில் மரபணு ஒன்று. மூன்று வயதுக்கு உட்பட்ட பிஞ்சு வயது இன்னொன்று. மூன்றாவது, வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தை. சத்துக் குறைந்து குறுகிப்போன பிள்ளைக்கு நல்ல மருந்தும் அரைகுறையாகத்தான் போய்ச் சேர்கிறது. மரபணுவை உங்களால் மாற்ற முடியாது, வயதை யாராலும் மாற்ற முடியாது. மூன்றில் மாற்றக்கூடியது ஒன்றுதான். அது உங்கள் கரண்டியில் இருக்கிறது.

ஆறு வாரக் குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தம் எடுக்கிறார்கள். பார்க்கவே மனசு பதறுகிறது. கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்யக் கூடாதா?
— குழந்தையின் பாட்டி, மயிலாடுதுறை அருகே ஒரு கிராமம்

உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் செய்யத்தான் வேண்டும். பெரியவர்களுக்கான சோதனை எதிர்ப்புப் பொருளைத் தேடும். தாயின் எதிர்ப்புப் பொருள் பிள்ளையின் ரத்தத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் இருக்கலாம் என்பதால், தொற்றாத குழந்தைக்கும் ‘இருக்கிறது’ என்று அது காட்டிவிடும். அதனால்தான் கிருமியையே நேராகத் தேடுகிறார்கள். குதிகாலைக் கதகதப்பாக்கி, ஒரு குத்து. அட்டையில் அச்சிட்ட சின்ன வட்டங்களில் ஒவ்வொரு சொட்டு. பொட்டு வைத்த மாதிரி சிவப்பாகப் பரவி, காயக் காயப் பழுப்பாகும். காய்ந்த அட்டை உறையில் ஏறி ஆய்வகத்துக்குப் போகும். குழந்தை அழுது முடித்துப் பால் குடிக்கத் தொடங்கியிருக்கும்.

ஏன் இந்த அவசரம்? நோய் முற்றும் வரை காத்திராமல், பிறந்த சில வாரங்களிலேயே மருந்து தொடங்கினால் குழந்தைகளின் இறப்பு நான்கில் மூன்று பங்கு குறைகிறது என்று தென் ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வு 2008-ல் காட்டியது. அதன் பிறகே உலகம் முழுவதும் விதி மாறியது. உங்கள் பேரப்பிள்ளையின் அந்த ஒரு குத்துக்குப் பின்னால் அந்த ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கர்கள் நமக்கு இவ்வளவு தந்தார்கள். நாம் அவர்களுக்கு என்ன தந்தோம்?
— கல்லூரி மாணவி, சீர்காழி

மருந்து. ஒரு ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை, 350 டாலருக்குத் தருகிறேன் என்று 2001-ல் மும்பையின் சிப்லா மருந்து நிறுவனம் முன்வந்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோர் இன்று உயிரோடு இருப்பதில் இந்திய மாத்திரைக்குப் பெரும் பங்கு உண்டு. நம் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. முதல் சில இடங்களில் தாம்பரமும் ஒன்று.

அண்ணன் மகனுக்குப் பிறவியிலேயே தொற்று. ஆறு வருடமாக மாத்திரை சாப்பிட்டுக் கொழுகொழுவென்று இருக்கிறான். அவனும் அந்த அபூர்வக் குழந்தைகளில் ஒருவனாக இருக்கலாம் இல்லையா? நிறுத்திப் பார்க்கலாமா?
— அத்தை, குத்தாலம்

வேண்டாம். வேண்டவே வேண்டாம். அவன் கொழுகொழுவென்று இருப்பதே மாத்திரையால்தான். தாக்குப்பிடித்த குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். அவர்களிலும் பலருக்குப் பிறகு நோய் தலைகாட்டியது. உங்கள் பிள்ளை யார் பக்கம் என்று தெரிந்துகொள்ள மாத்திரையை நிறுத்துவது, பயிர் முங்கினால் பிழைக்குமா என்று பார்க்க வரப்பை வெட்டிவிடுவதற்குச் சமம். ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுங்கள். சந்தேகம் வந்தால் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவரைக் கேளுங்கள். 1097-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

பிறக்கும்போதே தொற்று. இப்போது 23 வயது, வேலைக்குப் போகிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா?
— பெயரும் ஊரும் வேண்டாம்

தம்பி, இருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுத்து, சோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால் உறவின் வழியே துணைக்குத் தொற்றாது. உலகம் ஒப்புக்கொண்ட அறிவியல் இது. மறைக்காமல் சொல்லிப் பெண் தேடுங்கள். சென்னையில் சுனிதி சாலமன் தன் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்தப் பத்தி எழுதுவதற்கு அது ஒன்றே எனக்குப் போதும்.

வகுப்பில் ஒரு குழந்தைக்கு இருப்பதாகக் காதில் விழுந்தது. மற்ற பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது என் கடமை இல்லையா?
— தனியார் பள்ளி ஊழியர், மயிலாடுதுறை மாவட்டம்

இல்லை. சொல்லவே கூடாது. 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், இந்த ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. பள்ளியில் சேர்க்க மறுப்பதையும் ஒதுக்கி வைப்பதையும் தடை செய்கிறது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது, சோற்றைப் பகிர்ந்தால் ஒட்டாது. காதில் விழுந்தது காதோடு போகட்டும்.

குத்தாலம் கோயில் குளத்தில் மூழ்கித்தானே சுந்தரருக்கு உடல் நோய் தீர்ந்தது? நம்பிக்கையை விட்டுவிட்டு மாத்திரையையே பேசுகிறீர்களே?
— பக்தர், குத்தாலம்

நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. குளத்தில் முழுகுங்கள், அர்ச்சனை செய்யுங்கள், மாத்திரையையும் போடுங்கள். ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே நிற்காது. அந்த வரலாற்றில் என் மனத்தில் நிற்பது இன்னொன்று. நோயுற்ற உடம்போடு வந்த ஒருவரை இந்த ஊர் தன் தீர்த்தத்தில் இறங்கவிட்டது. அதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஆராய்ச்சி எப்போது முடியும்? முடிவாக மருந்து எப்போது வரும்?
— விதை வியாபாரி, ஆடுதுறை

தேதி சொல்ல மாட்டேன். போட்ஸ்வானாவின் 164 குழந்தைகளின் மரபணுவைப் படித்து 2018-ல் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவின் ஐம்பது மொழி, இனக்குழுக்களைச் சேர்ந்த 426 பேரைப் படித்தபோது, அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத மாற்றங்கள் முப்பது லட்சத்துக்கு மேல் கிடைத்ததாக 2020-ல் எழுதினார்கள். மனிதன் தோன்றிய கண்டத்தையே நாம் சரியாகப் படித்திருக்கவில்லை. வேலை நிறைய இருக்கிறது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். மருந்தில்லாமல் தாக்குப்பிடிக்கும் குழந்தையை இனிமேல் தேடிப் பிடிப்பது கடினம். தொற்று தெரிந்த எல்லோருக்கும் மருந்து தொடங்க வேண்டும் என்பது 2015-லிருந்து உலக விதி, 2017-லிருந்து இந்திய விதி. யார் நிற்பார்கள், யார் சாய்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க இப்போது யாருக்கும் உரிமை இல்லை. ஆராய்ச்சிக்கு அது நஷ்டம் என்றால் அந்த நஷ்டம் வாழ்க.

ஆகவே இன்று ஆய்வகத்தில் படிக்கப்படும் ரத்தத்தில் பெரும்பகுதி, மருந்து எட்டாத காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுடையது. தாக்குப்பிடித்தவர்களின் சொட்டும் அதில் இருக்கிறது, வேகமாக நோய் முற்றியவர்களின் சொட்டும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒப்பிட முடியும். நீங்கள் விதை விற்கிறவர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சப்-1-ஐக் கண்டுபிடிக்க, பக்கத்தில் அழுகிய வயலும் தேவைப்பட்டது. அழுகிய வயலுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இந்தப் பத்தியில் நான் சொல்கிறேன்.